மெயின்ஃப்ரேமிலிருந்து வரும் ஃபைல்: எழுத்தாகவா, பைட்டாகவா?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வரும் பையன் ஒருவன், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணா, மெயின்ஃப்ரேம்ல இருந்து ஒரு ஃபைல் இறக்குனேன். கரப்ட் ஆயிடுச்சு. மூணு தடவை இறக்கியும் அதேதான்." திறந்து காட்டினான். திரை முழுக்க @ @ @ என்று வரிசை வரிசையாக நின்றது. நடுநடுவே தலையில் கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

அந்த ஃபைல் கெடவே இல்லை. ஒரு பைட்கூட மாறாமல் அப்படியே வந்திருந்தது. அதனால்தான் படிக்க முடியவில்லை.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மெயின்ஃப்ரேம் பழைய காலத்து மெஷின், அதனால் ஃபைல் சரியாக வராது என்று ஒரு பேச்சு உண்டு. ஃபைல் அனுப்புவது என்றால் காப்பி எடுப்பதுதானே என்று இன்னொரு பேச்சு. இரண்டும் தவறு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்த இரண்டையும் நம்பி நாட்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மெயின்ஃப்ரேம் என்று நான் சொல்வது வங்கி, காப்பீடு போன்ற இடங்களில் பெருங்கணக்குகளைப் பார்க்கும் ஐபிஎம் பெரிய கணினியை. பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை வைக்கக்கூடிய சிறு பெட்டி. எந்த ஃபைலும் இந்தப் பெட்டிகளின் வரிசைதான்.

ஒரே பேச்சு, இரண்டு லிபி

எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு நடப்பது. பாட்டி பேசுவது தமிழ், படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். பேத்தி பேசுவதும் தமிழ்தான், ஆனால் படித்தது மலையாள மீடியம். பாட்டிக்கு வந்த கடிதத்தைப் பேத்தி படிக்க வேண்டுமானால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து மலையாள லிபியில் மாற்றி எழுதித் தர வேண்டும். சொல் மாறவில்லை, பொருள் மாறவில்லை, தாளில் உள்ள வடிவம் மட்டும் மாறுகிறது.

கணினிகளுக்குள்ளும் இதே பிரிவு. பெட்டிக்குள் எண்தான் இருக்கும். எந்த எண் எந்த எழுத்து என்பதை ஓர் அட்டவணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் மேசைக் கணினிகள் வழிவழியாக வைத்திருக்கும் அட்டவணை ஆஸ்கி. அது 1963-ல் முதலில் தரமாக வெளிவந்தது. ஐபிஎம் 1964-ல் சிஸ்டம்/360 என்ற மெயின்ஃப்ரேம் குடும்பத்தை அறிவித்தபோது அதில் எப்சிடிக் என்ற தன் சொந்த அட்டவணையைக் கொண்டுவந்தது. அன்று பிரிந்த இரண்டு லிபிகளும் இன்றும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்துக்கு ஆஸ்கியில் எண் 65. எப்சிடிக்கில் 193. பூஜ்யம் என்ற எழுத்துக்கு இங்கே 48, அங்கே 240. சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கும் ஓர் எண் உண்டு: இங்கே 32, அங்கே 64.

இந்தக் கடைசி எண்ணில்தான் பையனின் திரைக்கான விடை இருக்கிறது. ஆஸ்கியில் 64 என்றால் @. மெயின்ஃப்ரேம் வெற்றிடமாக வைத்த ஒவ்வொரு 64-ஐயும் அவன் லேப்டாப் தன் அட்டவணைப்படி @ என்று படித்தது. 240 முதல் 249 வரை எப்சிடிக்கில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள். விண்டோஸின் வழக்கமான மேலை ஐரோப்பிய அட்டவணையில் அதே எண்கள் பெரும்பாலும் கொம்பு வைத்த எழுத்துகள். ஆகவே, ஒரு ஃபைலைத் திறந்ததும் @ வரிசையும் கொம்பெழுத்துகளும் தெரிந்தால், அது கெட்டுப்போன ஃபைல் அல்ல, லிபி மாற்றாமல் வந்த எப்சிடிக் ஃபைல். ஐந்து விநாடியில் கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்து வரிசையும் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆஸ்கியில் இலக்கங்கள் முதலில், பிறகு பெரிய எழுத்து, அதன் பிறகு சிறிய எழுத்து. எப்சிடிக்கில் சிறிய எழுத்து முதலில், பெரிய எழுத்து அடுத்து, இலக்கங்கள் கடைசியில். மெயின்ஃப்ரேமில் வரிசைப்படுத்திய பட்டியல் நம் கணினியில் வரிசை தப்பித் தெரிந்தால் யாரும் கலைத்துவிடவில்லை. அவரவர் அரிச்சுவடி வேறு.

எப்சிடிக்கும் ஒரே அட்டவணை அல்ல. நாட்டுக்கும் தேவைக்கும் ஏற்பப் பல உண்டு. அவற்றைக் கோட் பேஜ் என்பார்கள், 037, 1047 என்று எண் போட்டு அழைப்பார்கள். ஆங்கில எழுத்தும் இலக்கமும் பெரும்பாலானவற்றில் ஒன்றுபோல இருக்கும். சதுர அடைப்புக்குறி போன்ற சில குறிகள்தான் இடம் மாறும். அதனால் ஃபைல் முழுக்கச் சரியாக இருந்து சதுர அடைப்புக்குறி மட்டும் வேறு ஏதோவாகத் தெரிந்தால், உங்கள் மென்பொருளில் கோட் பேஜ் எண் தவறு.

லிபி மாற்றத்தில் இன்னொரு வலியும் உண்டு. மலையாளத்தில் 'க' வரிசைக்கு நான்கு எழுத்து, தமிழில் ஒன்றுதான். மகாத்மாவின் பெயரை மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால் 'காந்தி' என்று வரும். அதையே எழுத்துக்கு எழுத்து திருப்பி மலையாளத்தில் எழுதினால் ஒளி என்று பொருள்படும் 'காந்தி' ஆகிவிடும். போனது போல் திரும்பி வராது. கோட் பேஜிலும் இப்படித்தான், எதிர் அட்டவணையில் இல்லாத எழுத்து வேறொன்றாக மாறி நிரந்தரமாகத் தொலையும். மேலே சொன்ன 037, 1047 இரண்டிலும் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியலை அவற்றுக்கு எழுத்தாக அனுப்பினால் பெயர்கள் மிஞ்சாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பெட்டியில் இருப்பது எண். எண்ணை எழுத்தாக்கும் அட்டவணை இரு பக்கமும் வேறு. அனுப்பும் மென்பொருள் நடுவில் உட்கார்ந்து லிபி மாற்ற வேண்டும்.

மாற்றக் கூடாத இடம்

அப்படியானால் எப்போதும் மாற்றிவிடலாமே? பாட்டியின் கடிதத்தோடு ஒரு போட்டோவும் வந்திருக்கிறது என்று வையுங்கள். அதையும் எழுத்து என்று நினைத்து ஒருவர் லிபி மாற்ற உட்கார்ந்தால் போட்டோ பாழ். ஜிப் ஃபைல், படம், பிடிஎஃப் எல்லாம் அப்படித்தான். அவற்றின் எண்கள் எழுத்தைக் குறிப்பவை அல்ல. ஒரு பைட்டையும் தொடாமல் அனுப்ப வேண்டும். இப்படி அனுப்புவதற்கு பைனரி முறை என்று பெயர். லிபி மாற்றி அனுப்புவது டெக்ஸ்ட் முறை, மெனுவில் பெரும்பாலும் ஆஸ்கி என்றே போட்டிருப்பார்கள்.

படத்தையும் ஜிப்பையும் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பார்ப்பதற்குக் கடிதம் போலவே இருந்து உள்ளே போட்டோ ஒட்டிய ஃபைல்கள் மெயின்ஃப்ரேமில் ஏராளம். பெயர், ஊர், பாலிசி எண் எல்லாம் எழுத்து. தொகை மட்டும் எழுத்தல்ல.

மெயின்ஃப்ரேமில் பணத்தொகையை பேக்டு டெசிமல் என்ற முறையில் வைப்பது வழக்கம். கோபோல் மொழியில் எழுதுபவர்கள் காம்ப்-3 என்பார்கள். ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்களை அடைத்து, கடைசி அரைப் பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறியை வைப்பார்கள். பைட்டை இப்படி இரண்டு பாதியாகப் பார்க்க வசதியான எழுத்துமுறை ஹெக்ஸ். 0 முதல் 9 வரை இலக்கம், அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை, பைட்டுக்கு இரண்டு குறிகள். கூட்டல் குறி சி, கழித்தல் குறி டி.

505 ரூபாய் 4 பைசா என்ற தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியை விட்டுவிட்டால் 50504. பேக்டு முறையில் மூன்று பைட்: 50, 50, 4சி. இப்போது யாரோ இந்த ஃபைலை டெக்ஸ்ட் முறையில் இறக்குகிறார்கள். நடுவில் இருக்கும் மென்பொருளுக்கு இது பணம் என்று தெரியாது. அது எப்சிடிக் அட்டவணையைப் பார்க்கிறது. ஹெக்ஸ் 50 என்பது & குறி, 4சி என்பது < குறி. கடமை தவறாமல் இரண்டையும் ஆஸ்கி லிபிக்கு மாற்றுகிறது. ஆஸ்கியில் & என்பது 26. < என்பது 3சி. நம் கணினிக்கு வந்து சேர்வது 26, 26, 3சி.

அதைப் பேக்டு தொகையாகத் திரும்பப் படியுங்கள். 26263, கூட்டல் குறி. 262 ரூபாய் 63 பைசா.

எங்கேயும் பிழைச் செய்தி வராது. பைட் எண்ணிக்கை அதே மூன்று. குறியும் சரியான இடத்தில் இருக்கிறது. பார்த்தால் ஒழுங்கான தொகை. பணம் மட்டும் பாதியாகிவிட்டது. எல்லாத் தொகையும் இப்படி நல்ல பிள்ளையாக மாறாது, பெரும்பாலானவை குப்பையாகி உடனே தெரிந்துவிடும். தெரியாமல் தப்பும் அந்தச் சிலதான் ஆளைக் கொல்லும். பல வருடங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவன வேலையில் நானே இப்படி டெக்ஸ்ட் முறையில் ஒரு ஃபைலை இறக்கி, குப்பையாய்த் தெரிந்த வரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். கூட்டுத்தொகை இடித்தது. இரண்டு நாள் தூங்காமல் தேடினேன். ஒதுக்காத வரிகளிலும் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இதற்கு நல்ல வழி இரண்டு. பைனரியாக இறக்கி, ரெக்கார்டின், அதாவது ஒவ்வொரு பதிவின், எந்தப் பகுதி எழுத்து, எது பேக்டு என்பதைப் பார்த்து நம் பக்கம் பகுதி பகுதியாக மாற்றலாம். அப்படிப் பகுதிகளை விவரிக்கும் கோபோல் துண்டுக்கு காப்பிபுக் என்று பெயர். அது கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடக் கூடாது. அல்லது மெயின்ஃப்ரேமிலேயே தொகைகளைச் சாதாரண இலக்க எழுத்தாக மாற்றி எழுதச் சொல்லிவிட்டு, பிறகு டெக்ஸ்டாக இறக்கலாம். அந்தப் பக்கம் உதவ ஆள் இருந்தால் நான் எப்போதும் இரண்டாவது வழியையே கேட்பேன்.

சுருக்கமாக: முழுக்க எழுத்து என்றால் டெக்ஸ்ட். எழுத்தே இல்லை என்றால் பைனரி. கலந்திருந்தால் டெக்ஸ்ட் கூடவே கூடாது.

பறையும் பில்லும்

அடுத்த குழப்பம் வரிகளைப் பற்றியது. நம் கணினியில் ஒரு வரி எங்கே முடிகிறது என்பதை ஃபைலுக்குள்ளேயே ஓர் அடையாளம் போட்டு வைக்கிறோம். பூக்கட்டும்போது முழத்துக்கு முழம் முடிச்சுப் போடுவது போல. விண்டோஸில் 13, 10 என்ற இரண்டு பைட் சேர்ந்து அந்த முடிச்சு. லினக்ஸில் 10 மட்டும்.

மெயின்ஃப்ரேமின் வழக்கமான ஃபைலில் முடிச்சு கிடையாது. அங்கே நெல் அளப்பது போலக் கணக்கு. பாலக்காட்டில் பறையால் அளக்கும்போது ஒவ்வொரு பறையும் ஒரே அளவு, எண்ணிக்கை சொன்னால் போதும். அந்தப் பறைதான் ரெக்கார்டு. பழைய துளை அட்டையில் 80 பத்தி இருந்ததால் 80 பைட் ரெக்கார்டு இன்றும் மிகச் சாதாரணம். வரியில் 30 எழுத்துதான் இருக்கிறது என்றால் மீதி 50 இடத்தையும் வெற்றிடம் போட்டு நிரப்பிவிடும். எல்லா ரெக்கார்டும் ஒரே நீளம் என்றால் ஃபிக்ஸட். நீளம் மாறும் வகை வேரியபிள், அதில் ஒவ்வொரு ரெக்கார்டின் தலையிலும் 4 பைட்டில் அதன் நீளம் எழுதியிருக்கும்.

பறை எவ்வளவு பெரியது என்ற தகவல் எங்கே இருக்கிறது? நெல்லுக்குள் இல்லை. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் நினைவிருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே சரக்கு தனி, பில் தனி. பில் இல்லாத லாரியில் என்ன இருக்கிறது, எத்தனை மூட்டை என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மெயின்ஃப்ரேமில் ஃபைலை டேட்டாசெட் என்பார்கள். அதன் ரெக்கார்டு வகையும் நீளமும் டேட்டாசெட்டின் உள்ளே இல்லாமல், டிஸ்க்கில் வேறிடத்தில் ஒரு பில் போலப் பதிவாகியிருக்கும். நாம் இறக்கும்போது சரக்கு மட்டும் வருகிறது, பில் அங்கேயே தங்கிவிடுகிறது.

டெக்ஸ்ட் முறையில் இறக்கினால் மென்பொருளே ஒவ்வொரு ரெக்கார்டின் முடிவிலும் முடிச்சுப் போட்டுத் தரும். பைனரியில் போடாது. 80 பைட் ரெக்கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீள வரியாக வரும், 80-80ஆக நாம்தான் வெட்ட வேண்டும். நீளம் வேரியபிள் என்றால் தலையிலுள்ள 4 பைட்டும் சேர்ந்து வருமாறு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கே வெட்டுவது என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

ஏற்றும்போது நேர்மாறு. நம்மிடமிருந்து போகும் ஃபைலுக்குப் பில்லே இல்லை, ஆகவே அனுப்பும் முன் பில் எழுதித் தர வேண்டும். ஃபைல் அனுப்பும் வழிமுறையான எஃப்டிபி-யில் அதற்கு 'சைட்' என்ற கட்டளை: ரெக்கார்டு ஃபிக்ஸட், நீளம் 80 என்று அதில் சொல்லிவிட்டு அனுப்புவோம். நீளத்தைத் தவறாகக் கொடுத்தால் பைனரி ஃபைலின் ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடச் சற்று விலகி, திரையில் படிக்கட்டு போலச் சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வைப் பார்த்ததும் வேறெதையும் தேடாமல் நீளத்தைச் சரிபாருங்கள்.

மென்பொருளில் என்னென்ன அமைப்பது

இவ்வளவும் புரிந்தால் அமைப்புத் திரையில் இருக்கும் பெட்டிகள் பயமுறுத்தாது.

கருப்புத் திரையில் மெயின்ஃப்ரேமைக் காட்டும் 3270 எமுலேட்டரிலேயே ஃபைல் அனுப்பும் மெனு இருக்கும். அது மறுபக்கத்தில் 'இண்ட் டாலர் ஃபைல்' என்ற சிறு புரோகிராமோடு பேசும். அதில் ஆஸ்கி என்ற டிக், லிபியை மாற்று என்று சொல்வது. சிஆர்எல்எஃப் என்ற டிக், முடிச்சுப் போடு என்று சொல்வது. டெக்ஸ்ட் என்றால் இரண்டும் வேண்டும், பைனரி என்றால் இரண்டும் வேண்டாம். ஒன்றை மட்டும் வைத்து இன்னொன்றை விட்டால்தான் பாதி வெந்த ஃபைல் வரும். சிறு ஃபைலுக்கு இந்த வழி போதும்.

பெரிதாக இருந்தால் எஃப்டிபி. இந்த வழிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் ஐஐடி கான்பூரில் படித்த அபய் பூஷண். எழுத்தா, பைட்டா என்ற கேள்வி அந்த வழிமுறைக்கு உள்ளேயே இருக்கிறது, நாம் புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினை அல்ல. சில எஃப்டிபி மென்பொருள்களில் 'ஆட்டோ' என்று ஒரு வசதி உண்டு. ஃபைல் பெயரின் வாலைப் பார்த்து டெக்ஸ்டா பைனரியா என்று ஊகிக்கும். மெயின்ஃப்ரேம் பெயர்களில் புள்ளி இருக்கும், ஆனால் அது நாம் நினைக்கும் வால் அல்ல. எட்டு எழுத்துக்கு மேற்படாத துண்டுகளைப் புள்ளி வைத்துச் சேர்த்த பெயர் அது, மொத்தம் 44 எழுத்து வரை போகலாம். கடைசித் துண்டை வைத்து ஊகிக்க ஒன்றுமில்லை. ஆட்டோவை நிறுத்திவிட்டு நீங்களே தேர்ந்தெடுங்கள்.

பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பெரும்பாலும் உங்கள் யூசர் ஐடியை முன்னால் ஒட்டிக்கொண்டு இல்லாத டேட்டாசெட்டைத் தேடும். உள்ளே நுழைந்துவிட்டது, ஆனால் பட்டியல் கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறது என்றால் பேசிவ் முறைக்கு மாற்றிப் பாருங்கள். எஃப்டிபி-யில் பேச்சுக்கு ஒரு இணைப்பு, சரக்குக்கு வேறு இணைப்பு. சரக்கு இணைப்பை எதிர்ப்பக்கம் தொடங்கினால் நம் ஃபயர்வால் தடுத்துவிடும். பேசிவ் என்றால் அதையும் நாமே தொடங்குகிறோம்.

வெறும் எஃப்டிபி-யில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும், அதனால் இன்று பூட்டுப் போட்ட வழிகளையே பயன்படுத்த வேண்டும். எஃப்டிபிஎஸ் என்பது அதே எஃப்டிபி-க்குப் பூட்டுப் போட்டது. எஸ்எஃப்டிபி பெயரில் மட்டும் அண்ணன் தம்பி, உள்ளே முற்றிலும் வேறு வழிமுறை. ஒன்றுக்குச் சொன்ன அமைப்பை மற்றொன்றில் தேடி அலைய வேண்டாம்.

அளவு சரியாக இருந்தால் போதுமா

பையன் கேட்டதும் இதுதான். "சைஸ் அச்சா அதேதான் இருக்கு, அப்புறம் எப்படிண்ணா தப்பாகும்?" 505 ரூபாய்க் கதையில் பார்த்தோமே, அளவு மாறாமலே பணம் மாறியது. மறுபுறம், அளவு மாறினாலும் ஃபைல் சரியாக இருக்கலாம். 1,000 ரெக்கார்டு, ஒவ்வொன்றும் 80 பைட் என்றால் அங்கே 80,000. டெக்ஸ்டாக விண்டோஸுக்கு வந்தால் வரிக்கு இரண்டு பைட் முடிச்சு சேர்ந்து 82,000. வரிக்கடைசி வெற்றிடங்களை மென்பொருள் உதறிவிட்டால் அதைவிட மிகக் குறைவு. மூன்றுமே சரி. ரெக்கார்டு எண்ணிக்கையையும் தொகைப் பத்தியின் கூட்டுத்தொகையையும் இரு பக்கமும் ஒப்பிடுவதே சோதனை. பெரிய ஃபைலுக்கு முன்னால் பத்து ரெக்கார்டு மட்டும் அனுப்பிப் பாருங்கள். அதில் ஒரு கழித்தல் தொகையும் ஒரு சதுர அடைப்புக்குறியும் கட்டாயம் இருக்கட்டும்.

அன்று அவன் ஃபைலைத் திரும்ப இறக்கவில்லை. அது பைனரியாக முழுசாக வந்திருந்ததால் எங்கள் பக்கமே 037 அட்டவணை வைத்துப் படித்தோம். @ எல்லாம் மறைந்து பெயர்களும் ஊர்களும் வரிசையாக வந்து நின்றன. ஒரு பத்தி மட்டும் குப்பையாகவே இருந்தது. திங்கட்கிழமை காப்பிபுக் வாங்கி அனுப்பினான். அந்த இடத்தில் ஒன்பது இலக்கம், அதில் கடைசி இரண்டு பைசா, காம்ப்-3 என்று இருந்தது. ஒன்பது இலக்கமும் ஒரு குறியும் சேர்ந்து பத்து அரைப் பைட், அதாவது ஐந்து பைட். போனிலேயே முதல் ரெக்கார்டின் ஐந்து பைட்டையும் அவன் ஒவ்வொன்றாகப் படித்தான்: 00, 00, 12, 75, 0சி. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நூத்தி இருபத்தேழு ரூவா அம்பது பைசாங்களாண்ணா?" என்றான்.